‘சாதுவான சீனி’ என்றொரு பொய்

“எனக்குச் சாதுவாகத்தான் சீனி இருக்கு.”

யாழ்ப்பாணத்தில் ஐம்பதைத் தாண்டிய ஆண்கள் கூடுமிடமெல்லாம் கேட்கின்ற வசனம் இது. ஓய்வுபெற்ற ஆசிரியரான என் நண்பரொருவரும் இதையே சொல்லிக்கொண்டிருந்தார். நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாளும் வெறுங்காலுடன் வீதி சுற்றியவர். உள்ளங்காலில் கொப்புளம் போட்டது அவருக்குத் தெரியவில்லை. மனைவி கண்டபோது புண் அழுகியிருந்தது. இரண்டு விரல்களை அகற்ற வேண்டியதாயிற்று. சுடுமணல் சுடாததை முருகனின் கருணை என்று நம்பினாராம். கால் நரம்புகள் உணர்விழந்துகொண்டிருந்தன என்பதே உண்மை.

நாம் அறிகுறிகளைக் காணாதவர்களல்லர். ஒவ்வொன்றுக்கும் ஒரு சாட்டு வைத்திருப்பவர்கள். தாகமெடுத்தால் வெயில். இரவில் நான்கு தடவை சலம் கழிக்க எழும்பினால் வயது. உடல் மெலிந்தால் கொழுப்புக் கரைகிறது. பார்வை மங்கினால் புதுக் கண்ணாடி. கால் விறைத்தால் வாதம். இரத்தத்தில் மிகுந்த சீனியைச் சிறுநீரகம் நீரோடு சேர்த்து வெளியேற்றுகிறது; தாகம் அதனால் வருவது. வாந்தி, வயிற்றுவலி, ஆழ்ந்த வேகமான மூச்சு, மயக்கம் என்று முற்றிவிட்டாலோ ஒரு மணிநேரமும் தாமதிக்கலாகாது.

இதைவிடக் கொடியது, பலருக்கு ஆண்டுக்கணக்கில் எந்த அறிகுறியும் தோன்றாதிருப்பது. ஆகவே ‘எனக்கு ஒரு வருத்தமுமில்லை’ என்பது சான்றாகாது. வெறுவயிற்றில் எடுத்த இரத்தத்தில் சீனி டெசிலீற்றருக்கு 126 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்து, மறுபரிசோதனையும் அதையே காட்டினால் அது நீரிழிவு. அதற்குச் சற்றுக் கீழே நிற்பதும் எச்சரிக்கையே. இதிலே ‘சாது’ எங்கே இருக்கிறது?

2006 ஓகஸ்டில் ஏ9 வீதி மூடப்பட்டபோது மருந்துக்குத் தவித்தோம். அன்று குற்றஞ்சாட்டுவதற்கு வேறு ஆட்கள் இருந்தார்கள். இன்று யாரைச் சொல்வது? 2011 முதல் அரசு நாடெங்கும் அமைத்த ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்களில் இந்தப் பரிசோதனை இலவசம். அங்கே வருபவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஆண்களோ, ‘மகளின் கலியாணம் முடியட்டும், அதுவரை வருத்தக்காரன் என்ற பெயர் வேண்டாம்’ என்று ஒளிக்கிறார்கள். கலியாணப் பந்தலில் ஊன்றுகோலுடன் நிற்பது மட்டும் கௌரவமா?

கனடாவிலும் இலண்டனிலும் இருந்து வாசிப்பவர்களே, ஊருக்குத் தொலைபேசி எடுக்கும்போது “சுகமா?” என்று கேட்டால் “சுகம்” என்ற பதிலே வரும். “அப்பா, கடைசியாக எப்போது இரத்தம் சோதித்தீர்கள்?” என்று கேளுங்கள். மறுமுனை மௌனமாக இருந்தால், அதையும் ஓர் அறிகுறியாகவே கொள்ளுங்கள்.