மோனே ஆற்றில் ஒரு வெப்பமானி

பகலில் வெயில் 33 பாகை வரை ஏறும் என்று வானொலி எச்சரித்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, சென்ற கோடையில், மோனே அணைக்கட்டின் கீழே காலை நடை சென்றோம். முழங்காலளவு நீரில் நின்றவாறு ஒரு ஜேர்மானிய முதியவர் தூண்டில் வீசிக்கொண்டிருந்தார். புழுவும் இல்லை, மிதப்பும் இல்லை. சாட்டை சுழற்றுவதுபோல் நூலை முன்னும் பின்னும் வீசி, நீரின்மேல் மெல்லப் படியவிட்டார். நூல் முனையில் இருந்தது, இறகு சுற்றிச் செய்த ஓர் இலையான்! பாரமற்ற அந்த இலையானைத் தொலைவுக்குக் கொண்டுசெல்வது தடித்த நூலின் பாரமே என்று அவர் விளக்கினார்.

அவர் தேடியது ஃபொரெல்லே மீன். நுவரெலியா மலையோடைகளில் வெள்ளைக்காரத் துரைமார் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கொண்டுவந்து விட்ட ‘ட்றவுட்’ இதுவே. கடலையும் கிணற்றையும் மட்டுமே அறிந்து வளர்ந்த எமக்கு அது பெயரளவில்தான் பழக்கம்.

இது குளிர்நீரில் வாழும் மீன். 10 பாகையில் ஒரு லீற்றர் நீர் ஏறத்தாழ 11 மில்லிகிராம் ஒட்சிசனைக் கொள்ளும். 20 பாகையில் 9 மட்டுமே. நீர் சூடேற மீனின் மூச்சுத்தேவை கூடுகின்றது, கிடைப்பதோ குறைகின்றது. 25 பாகையை அண்மித்தால் உயிருக்கே ஆபத்து. 2003ஆம் ஆண்டுக் கோடையில், ரைன் நதியில் ஷாஃப்ஹவுசன் அருகே, இதன் உறவினமான எஷே மீன்கள் பல்லாயிரக்கணக்கில் செத்து மிதந்தன.

அணைக்கட்டின் கீழே நிலைமை வேறு. தேக்கத்தின் ஆழத்து நீர் கோடையிலும் குளிர்ந்தே கிடக்கும். பாரமான குளிர்நீர் அடியிலும் இலேசான சூட்டுநீர் மேலுமாக நிற்பதால் இரண்டும் எளிதிற் கலப்பதில்லை. அடியிலிருந்து திறக்கப்படும் நீரே கீழுள்ள ஆற்றைக் குளிர்விக்கின்றது. 1913இல் கட்டி முடிக்கப்பட்ட இந்த அணையின் பணிகளுள் ஒன்று, வறண்ட காலத்தில் றூர் ஆற்றுக்கு நீரூட்டுவது. ஆகவே சிற்றோடைகள் வற்றும்போதும் மோனே ஓடும். ஆயினும் கீழே செல்லச் செல்ல வெயில் தன் வேலையைச் செய்துவிடும்.

(இதே அணையை 1943 மே 17இல் பிரித்தானிய விமானங்கள் உடைத்தன. வெள்ளத்தில் மாண்டவர்கள் ஆயிரத்துக்கும் அதிகம். அவர்களுட் பலர் கிழக்கிலிருந்து கட்டாய வேலைக்குக் கொண்டுவரப்பட்டு, நெய்ஹைம் முகாமில் அடைபட்டிருந்த பெண்கள். அந்தக் கரையில் நின்று அவர்களை நினையாதிருக்க எம்மால் இயலவில்லை.)

பத்து மணியளவில் முதியவர் சட்டைப்பையிலிருந்து வெப்பமானி ஒன்றை எடுத்து நீரில் அமிழ்த்தினார். 19 பாகை. உடனே தூண்டிலைச் சுற்றத் தொடங்கிவிட்டார். “பிடிப்பதெல்லாம் உண்பதற்குத்தானே, ஏன் நிறுத்துகிறீர்கள்?” என்று கேட்டோம். அளவு குறைந்த மீனைத் திரும்ப விடவேண்டும் என்பது விதி; இழுபட்டுக் களைத்த மீன் சூட்டுநீரிற் பிழைப்பது அரிது; எந்த மீன் கொளுவும் என்று தூண்டிலுக்குத் தெரியுமா என்றார். நாம் வாயடைத்தோம்.

விதி என்றதும் பழைய நிகழ்ச்சி ஒன்று நினைவுக்கு வந்தது. 1990களின் தொடக்கத்தில், அகதி விடுதியில் இருந்த எம்மூர் இளைஞன் ஒருவன் ஒரு குளத்தில் தூண்டில் போட்டான். இங்கே நீருக்கும் உடையவர் உண்டு என்பதை அவன் அறியான். அனுமதியின்றி மீன்பிடித்தல் ஜேர்மனியக் குற்றவியற் சட்டத்தின் 293ஆம் பிரிவின்படி குற்றம். அபராதமோ, இரண்டாண்டுகள் வரை சிறையோ விதிக்கலாம். தஞ்ச வழக்கு முடியாத நிலையில் ஒரு சிறு மீனுக்காக அவன் மாதக்கணக்கில் உறக்கமின்றி அலைந்ததை நாம் கண்டோம்.

இன்று எம்மவர் பிள்ளைகள் பலர் கோடை விடுமுறையில் தூண்டிலுடன் செல்கின்றனர். தேர்வில் தேறிப் பெறும் மீன்பிடிச் சான்றிதழ் ஒன்று, அந்தந்த நீருக்கான அனுமதிச்சீட்டு வேறொன்று, இரண்டும் வேண்டும். நண்பர் ஒருவரின் மகன் வரும் இலையுதிர்காலத்தில் அத்தேர்வுக்குத் தோற்றவிருக்கின்றான். படங்களைப் பார்த்து மீன்களை இனங்காண வேண்டுமாம். மாலையில் அவனுடன் அமர்ந்து, ஃபொரெல்லே, எஷே என்று நாமும் மனனம் செய்து வருகின்றோம். அவன் எம்மைவிட வேகமாகப் படிக்கின்றான்.