தமிழ் தகுதியாம், தமிழன் தகுதியில்லையாம்!

மாதவரத்துக்கு அருகே, புழல் காவாங்கரையில் ஒரு முகாம். 1983 ஜூலைப் படுகொலையைத் தொடர்ந்து அலை அலையாய்க் கடல் கடந்த இலங்கைத் தமிழருக்காக தமிழ்நாடெங்கும் எழுந்த முகாம்களுள் ஒன்று. 'அகதிகள் முகாம்' என்னும் பெயரை 2021இல் தமிழக அரசு 'மறுவாழ்வு முகாம்' என மாற்றிற்று. பெயர் மாறிற்று, நிலை மாறவில்லை. முகாமிலேயே பேரன் பிறந்துவிட்டான், அவனும் அயலானாம்!

ஏன் அயலான்? 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தைப் புரட்டுவோம். விண்ணப்பிக்குமுன் ஓராண்டும், அதற்கு முந்திய 14 ஆண்டுகளில் 11 ஆண்டும் இங்கு வாழ்ந்திருக்க வேண்டும் என்கிறது. நாற்பதாண்டு வாழ்ந்தோர் இருக்கின்றனர்! நன்னடத்தை வேண்டுமாம். உழைத்து உண்பவனிடம் அது இல்லையா? எட்டாம் அட்டவணை மொழிகளுள் ஒன்று தெரிய வேண்டுமாம். தமிழ் அவ்வட்டவணையில் இருக்கிறது, தோழர்களே! மொழிக்கு இடமுண்டு; மொழிந்தவனுக்கு இடமில்லை!

கதவை அடைத்தது ஒரு சொல்: 'சட்டவிரோதக் குடியேறி'. உரிய ஆவணமின்றி வந்தவனுக்கு அப்பட்டம். பட்டம் பெற்றவனுக்கு விண்ணப்பிக்கும் உரிமையே இல்லை. குண்டுக்குத் தப்பி ஓடுபவன், கடவுச்சீட்டுக்கு வரிசையில் நின்றுவிட்டா படகேறுவான்?

சட்டம் எல்லோர்க்கும் ஒன்றுதானா? அதுவுமில்லை! 2019இல் திருத்தினர். பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானத்திலிருந்து 2014 டிசம்பர் 31க்குள் வந்த இந்து, சீக்கியர், பவுத்தர், சமணர், பார்சி, கிறித்தவர்க்கு அப்பட்டம் நீங்கிற்று. 11 ஆண்டு 5 ஆண்டாயிற்று. இசுலாமியருக்கு இடமில்லை, இலங்கைத் தமிழருக்கும் இல்லை. முகாம் தமிழரில் பெரும்பாலோர் இந்துக்களே! மதம் காக்கும் என்று நம்பியவனை அந்த மதமும் காக்கவில்லை. ஆகவே, "எம்மையும் அப்பட்டியலில் சேருங்கள்" என்று கெஞ்சுவதா பகுத்தறிவு? அன்று! மதப்பட்டியலையே கிழித்தெறிக என்பதே பகுத்தறிவு.

1948இல் இலங்கை அரசு, மலையகத் தோட்டத் தொழிலாளியிடம் "தகப்பன் இங்கு பிறந்ததற்குச் சான்று எங்கே?" என்று கேட்டு, இலட்சக்கணக்கானோரை நாடற்றோராக்கிற்று. 2004 டிசம்பர் 3 முதல் இங்குப் பிறக்கும் குழந்தைக்கும் பெற்றோரின் நிலையே அளவுகோல். கொழும்பு நடத்திய பாடத்தை டில்லி படித்துக்கொண்டதோ?

2025 செப்டம்பரில், 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்கு, ஆவணமின்மைக்கான தண்டனையிலிருந்து டில்லி விலக்களித்தது. தண்டனை இல்லையாம், உரிமையும் இல்லையாம்! சிறைக்கு அனுப்பாதது கருணையா? வாக்குச்சீட்டு வழங்குவதன்றோ நீதி!

இளைஞர்களே! பிறந்த மதத்தைக் கேட்காதே, வாழ்ந்த ஆண்டைக் கேள் என்று டில்லிக்குக் கூறுங்கள். காவாங்கரைப் பிள்ளை கேட்பது பிச்சையன்று. சட்டம் கேட்ட தகுதியனைத்தும் கொண்டவன் கேட்கும் கணக்கு!