கஷாய ஜோக் போதும், மக்களே!

பாறசாலைப் பக்கத்து ஆள், காரோட்டுக்காரன் என்று சொன்னால் போதும், "கஷாயம் குடிச்சியா?" என்று ஓர் இளிப்பு. இங்கே மஸ்கட்டிலும் அதே கதைதான். செத்தது 23 வயசுப் பையன், ஐயா!

தெரியாதவர்களுக்காக: 2022 அக்டோபர் 14. பாறசாலைப் பையன் எல்லைக்கு அந்தப் பக்கம், குமரி மாவட்டத்தில் இருக்கும் காதலி வீட்டுக்குப் போனான். அவள் கொடுத்த கஷாயத்தில் பாராகுவாட் களைக்கொல்லி. 11 நாள் கழித்து திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜில் இறந்தான். அவளுக்கு வேறு இடத்தில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. 2025 ஜனவரி 20-இல் நெய்யாற்றின்கரை கோர்ட் அவளுக்கு மரண தண்டனை விதித்தது.

கொலைக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் "பொண்ணுங்களே இப்படித்தான்", "செல்போனைப் பிடுங்கு" என்று தீர்ப்பு எழுதுகிற பெரியவர்களிடம் ஒரு கேள்வி. வேண்டாத உறவிலிருந்து எப்படி விலகுவது, 'வேண்டாம்' என்று கேட்டால் எப்படித் தாங்குவது? உங்கள் பிள்ளைக்கு இதை யார் சொல்லித் தந்தது?

பள்ளிகளில் வளரிளம்பருவக் கல்வியை 2007-இல் 'கலாசாரம் போச்சு' என்று பல மாநிலங்கள் எதிர்த்தன. 2014-இல் 10 முதல் 19 வயதினருக்காக மத்திய அரசு ராஷ்ட்ரிய கிஷோர் ஸ்வாஸ்த்ய காரியக்ரம் தொடங்கியது. அதில் ஆலோசனையும் உண்டு. நம்மில் எத்தனை பேர் பிள்ளையை அனுப்பினோம்?

பேங்கில் கணக்கு தொடங்க ஒரு படிவம், முடிக்க ஒரு படிவம். நம் வீடுகளில் காதல் என்று வாயைத் திறக்கவே வழியில்லை. முறிக்க எங்கே வழி? செல்போனைப் பிடுங்கினால் காதல் நிற்காது, ரகசியம்தான் கூடும். ரகசியத்தில் மாட்டிய பிள்ளைக்கு நல்ல புத்தி சொல்ல ஆள் இல்லை.

இன்னைக்கு ராத்திரி பையனிடமும் பொண்ணிடமும் சொல்லுங்க: "யாரையாவது பிடிச்சாலும் சொல்லு, பிடிக்காமப் போனாலும் சொல்லு. அடிக்க மாட்டேன்."