மொக்கன் என்று யார் சொன்னது?

‘மொக்கன்’ என்ற சொல்லை முதலில் நமது பாடசாலைகளிலிருந்து வெளியேற்றுவோம். பிள்ளைகளைப் பிறகு வெளியேற்றலாம்.

என் வகுப்பில் ஒருவன் இருந்தான். மோட்டார் சைக்கிளைக் கழற்றிப் பூட்டுவான். ‘படகு’ எழுதச் சொன்னால் ‘பகடு’ என்பான். கரைச்சல்காரன். வாசிப்புப் பாடத்துக்குச் சற்று முன்புதான் அவன் சண்டை பிடிப்பான் என்பதைக் கவனிக்க எனக்கு ஒரு வருடம் சென்றது. ‘வெளியே போ’ என்பது அவனுக்குத் தண்டனையல்ல, விடுதலை. அதுவரை அடித்தேன். அடிக்கக் கூடாது என்ற சுற்றறிக்கை அலுவலகக் கோவையில் பத்திரமாக இருந்தது.

இந்தக் குறைபாடு புதினமல்ல. 1896 இல் பிரிங்கிள் மோர்கன் என்ற ஆங்கிலேய வைத்தியர் வாசிக்க முடியாத 14 வயதுப் பையனைப் பற்றி எழுதினார். கணக்கில் கெட்டிக்காரன். எல்லாம் வாய்மொழியாகக் கற்பித்தால் இவனே பாடசாலையில் முதல்வன் என்று சொன்னவர் அவனது ஆசிரியர். ஆசிரியர்! நாம் கலாசாலையில் நுண்ணறிவின் வரைவிலக்கணங்களை மனனம் செய்தோம். இப்படியொரு பிள்ளையின் கொப்பியை எவரும் காட்டவில்லை.

சமூகம் மட்டும் என்ன? உம்மா தண்ணீர் ஓதிக் கொடுத்தார். வாப்பா கடைக்கு அனுப்பப் பார்த்தார். புலமைப்பரிசில் வெட்டுப்புள்ளியைத் தாண்டியவர்களுக்குப் பள்ளிவாசல் சந்தியில் பதாதை கட்டினோம். 16 வயதுவரை பிள்ளையை வகுப்பில் இருத்த 2016 முதல் சட்டம் இருக்கிறது. இருந்தவனுக்கு எழுத்து ஏன் ஏறவில்லை என்று பார்க்க எங்கள் பாடசாலைக்கு ஒருவரும் வந்ததில்லை. தரம் 2 இலேயே ஒவ்வொரு பிள்ளையையும் தனியே அழைத்து வாசிக்கச் செய்ய என்ன செலவு?

அவன் தரம் 9 உடன் நின்றான். விடுகைப் பத்திரத்தில் ‘நடத்தை திருப்தியில்லை’ என்று எழுதியது நான்தான்.