உள்ளூர் மாணவி யார்?

தொண்ணூறுகளில் சித்தூர் மாவட்டம் நகரியில் தறி ஓட்டிப் பிழைத்த ஒரு குடும்பத்தை எண்ணிக்கொள்ளுங்கள். வீட்டில் தமிழ், கடைவீதியில் தெலுங்கு. மகள் தமிழிலேயே படிக்கட்டும் என்று எல்லைக்கு அந்தப்புறம் திருத்தணிக்கு அனுப்புகிறார்கள். பிளஸ் டூ முடித்துத் திருப்பதி ஸ்ரீவேங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்தின் பொறியியல் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும்போதுதான் விஷயம் தெரிகிறது: சொந்த மாவட்டத்திலேயே அவள் வெளியூர்க்காரி.

காரணம், 1974ல் வந்த குடியரசுத் தலைவர் ஆணை. ஆந்திரம் மூன்று பல்கலைக்கழக வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொன்றிலும் 85 சதவீத இடங்கள் 'உள்ளூர்' மாணவர்களுக்கு. நோக்கத்தில் குறை சொல்ல முடியாது. ராயலசீமாவின் வறண்ட மாவட்டங்களுக்கு 1954 வரை சொந்தமாக ஒரு பல்கலைக்கழகம் இருந்ததில்லை. வேலி போடாவிட்டால் கடலோர மாவட்டங்களின் வசதியான பிள்ளைகள் இடங்களை அள்ளிக்கொண்டு போயிருப்பார்கள்.

கோளாறு வேலியில் இல்லை, அளவுகோலில். உள்ளூர்க்காரர் என்பதற்கு அடையாளம் பிறந்த ஊரோ பெற்றோரின் வீடோ அல்ல. தகுதித் தேர்வு வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகள் அந்த வட்டாரத்தில் படித்திருக்க வேண்டும். அந்த ஆண்டுகளில் எந்தக் கல்வி நிலையத்திலும் படிக்காதவருக்கு மட்டும் குடியிருப்பு போதும். அதாவது, நகரிப் பெண் பள்ளிக்கே போகாமல் வீட்டிலிருந்து தேர்வு எழுதியிருந்தால் உள்ளூர். திருத்தணிக்குப் போய்ப் படித்துவிட்டதால் அந்நியர்! இத்தனைக்கும் திருத்தணியே 1960 மார்ச் வரை சித்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது.

மீதி 15 சதவீதம் இருக்கிறதே என்பார்கள். பெற்றோர் மாநிலத்தில் பத்தாண்டுகள் வசித்திருந்தால் அதில் போட்டியிடலாம். ஆனால் அது உள்ளூர்க்காரர்களும் நுழையக்கூடிய பொதுப் பந்தயம். தறிக்காரர் மகளுக்கு எந்தச் சலுகையும் கிடையாது.

தமிழ்நாட்டுப் பக்கம் திரும்பினாலும் ஆறுதல் இல்லை. அங்கே சாதி இட ஒதுக்கீடு தமிழ்நாட்டைப் பூர்வீகமாகக் கொண்டவர்களுக்குத்தான். மற்றவர்கள் பொதுப் பிரிவில் நிற்க வேண்டும். ஒரு மாநிலத்துப் பழங்குடிச் சான்றிதழ் இன்னொரு மாநிலத்தில் செல்லாது என்று 1990ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பம்பாய் மருத்துவக் கல்லூரி ஒன்றில் இடம் கேட்டுப் போன ஆந்திர மாணவரின் வழக்கு அது. எல்லை மாறினால் பின்தங்கிய நிலை மாறிவிடுமா என்று சட்டத்தைக் கேட்டுப் பயனில்லை.

திருப்பதியிலேயே வேறொரு காட்சியும் உண்டு. மத்திய அரசின் சம்ஸ்கிருத வித்யாபீடத்துக்கு (2020 முதல் தேசிய சம்ஸ்கிருதப் பல்கலைக்கழகம்) ஒடிசாவிலிருந்தெல்லாம் மாணவர்கள் வருகிறார்கள். வட்டார வேலி அங்கே இல்லை. 1983ல் பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகம் தொடங்கியபோது பெண்களுக்கென்று ஒரு கதவு திறந்தது. 1997ல் மூன்று மாநில எல்லைகள் கூடும் குப்பத்தில், தமிழ்நாடு, கர்நாடகம், கேரள அரசுகளின் ஆதரவோடு திராவிடப் பல்கலைக்கழகம் எழுந்தது. தென்னக மொழிகள் ஒரே கூரையின் கீழ், அருமையான எண்ணம். ஆனால் அங்கே தமிழ் ஒரு பாடம். தமிழ் பேசும் வீட்டிலிருந்து வரும் பிள்ளை என்ஜினீயரிங் படிக்க விரும்பினால் அந்தக் கூரை அவளுக்கு நிழல் தராது.

தொடக்கப் பள்ளியில் சிறுபான்மையினருக்குத் தாய்மொழியில் கற்பிக்க ஏற்பாடு செய்யச் சொல்கிறது அரசியல் சட்டத்தின் 350-ஏ பிரிவு. அந்த வசதி வளர்ந்து மேல்வகுப்பு வரை உள்ளூரிலேயே கிடைத்தால் யாரும் பஸ் ஏறி எல்லை தாண்டப் போவதில்லை. கிடைக்காத இடங்களில், எல்லை மண்டலத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளியை விட்டுவிட்டுப் பெற்றோரின் குடியிருப்பைக் கணக்கில் கொள்ளலாம். ரேஷன் அட்டையும் வாக்காளர் பட்டியலும் போதும்; புதிதாக ஒரு ஒதுக்கீடுகூட வேண்டாம்.

2014ன் மாநிலப் பிரிவினைச் சட்டம் பழைய ஒதுக்கீட்டைப் பத்தாண்டுகளுக்கு அப்படியே தொடரச் செய்தது. கெடு 2024 ஜூன் 2ல் முடிந்தது. ஹைதராபாத் பங்கு யாருக்கு என்ற பேச்சு அமராவதியில் பலமாகக் கேட்டது. நகரி அங்கிருந்து வெகு தூரம்.