களை எடுக்க டெண்டர் போதாது

தெப்பக்காட்டிலிருந்து மசினகுடிக்குப் போகிற சாலையின் இருபுறமும் மழைக்காலத்தில் கண்ணுக்கு எட்டிய தூரம்வரை பச்சை. பல இடங்களில் அது மானும் காட்டெருமையும் வாய் வைக்காத பச்சை. ஊரில் உண்ணிச்செடி என்று சொல்லப்படும் லன்டானா, 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரவியல் பூங்காவுக்கு அழகுச்செடியாக வந்தது. இன்று இந்தியாவில் புலிகள் உலவும் நிலப்பரப்பில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் அது புகுந்துவிட்டது என்று இந்திய வனஉயிர் நிறுவன ஆய்வாளர்கள் 2020-இல் கணக்கிட்டார்கள். போதாக்குறைக்கு, மஞ்சள் பூவுக்கும் நிழலுக்கும் ஆசைப்பட்டு நட்ட சென்னா என்கிற அயல்கொன்றை முதுமலை, சத்தியமங்கலம், வயநாடு காடுகளில் கூட்டங்கூட்டமாக நிற்கிறது. சென்னை உயர் நீதிமன்றம் விடாமல் கேட்டதன் விளைவாகத் தமிழ்நாடு அரசு 2022-இல் அயல் தாவரங்களை அகற்றவும் காட்டை மீட்கவும் தனிக் கொள்கையே வெளியிட்டது. அயல்கொன்றையை வெட்டிக் காகிதக்கூழுக்கு எடுத்துக்கொள்ள டிஎன்பிஎல் ஆலைக்கு அனுமதியும் கிடைத்தது. வேறு பல மாநிலங்கள் யோசிக்காததை இங்கே செய்திருக்கிறார்கள், அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் எத்தனை ஹெக்டேர் அகற்றினோம் என்பதே வெற்றியின் அளவுகோலாக நிற்கும்வரை, களையெடுப்புக்கான பணம் ஆண்டுதோறும் அதே மண்ணில்தான் கொட்டப்படும்.

காரணம் செடியின் இயல்பிலேயே இருக்கிறது. உண்ணிச்செடியைத் தரையோடு வெட்டினால் அடுத்த மழைக்கு முன்னைவிட அடர்த்தியாகத் துளிர்க்கும். டெல்லிப் பல்கலைக்கழகத்தின் தாவரவியலாளர் சி.ஆர்.பாபுவும் அவருடைய குழுவினரும் கார்பெட் புலிகள் காப்பகத்தில் வேறொரு முறையைச் செய்து காட்டினார்கள். மண்வெட்டியால் தரைக்குச் சில அங்குலம் கீழே ஆணிவேரைத் துண்டித்து, புதரை அப்படியே தலைகீழாகக் கவிழ்த்துவிட வேண்டும். வேர் வானத்தைப் பார்த்துக் காய்ந்துவிடும். யந்திரம் தேவையில்லை, மண்ணும் அதிகம் கிளறப்படுவதில்லை. ஆனால் அந்த முறையின் பாதி இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. உண்ணிப் பழத்தைத் தின்ற பறவைகள் எந்த மரங்களில் வந்து உட்காருகின்றனவோ, அந்த மரத்தடிகளில் நாற்றுகள் முளைக்கும். அடுத்த சில ஆண்டுகளுக்கு ஒவ்வொரு மழைக்குப் பிறகும் அங்கே போய் அவற்றைப் பிடுங்க வேண்டும், காலியான இடத்தில் உள்ளூர்ப் புல்லை வளர்த்தெடுக்க வேண்டும். அயல்கொன்றையும் இதற்குச் சளைத்ததல்ல. வெட்டிய அடிக்கட்டையிலிருந்து கிளைகள் கற்றையாகக் கிளம்பும், மண்ணில் கிடக்கும் விதை பல ஆண்டுகள் உயிரோடிருக்கும்.

இப்போது நிதியாண்டை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கணக்கு மார்ச் 31-இல் முடிகிறது. முதுமலையில் பருவமழை ஜூனில் பிடிக்கிறது. டெண்டர் எடுத்த ஒப்பந்ததாரர் களையெடுப்பை முடித்து, அளந்து, பில் வாங்கிக்கொண்டு போன பிறகுதான் விதை முளைக்கவே ஆரம்பிக்கிறது. இதில் அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அகற்றச் சொன்னோம், அகற்றினார். கொடைக்கானலில் இன்னொரு பாடமும் இருக்கிறது. அங்கே அயல்மரமான சீகை (வாட்டில்) தோப்புகளின் நிழலில் பல இடங்களில் சோலை மரக்கன்றுகள் தாமாகவே எழும்பி வருகின்றன. ஒட்டுமொத்தமாக வெட்டித் திறந்துவிட்டால் கன்றுகளும் போகும், வெயில் பட்டதும் மண்ணிலிருக்கும் சீகை விதைகள் ஆயிரக்கணக்கில் முளைக்கும். எங்கே வெட்டுவது, எங்கே கை வைக்காமலிருப்பது, எங்கே நாற்றை மட்டும் பிடுங்குவது என்பதை அந்தந்தச் சரிவில் ஆண்டுக்கணக்கில் நடமாடுகிறவர்களால்தான் சொல்ல முடியும். அலுவலர்கள் மாற்றலாகிப் போவார்கள். முதுமலை, சத்தியமங்கலம் காடுகளிலேயே இருக்கப்போகிறவர்கள் குறும்பரும் இருளரும் பணியரும் சோளகரும்தான். அவர்களைத் தினக்கூலிக்கு அழைப்பதோடு நிறுத்தாமல், காட்டை நிர்வகிக்கும் பொறுப்பையே நிதியோடு சேர்த்து ஒப்படைக்க வேண்டும் என்பதே என் வாதம்.

இது பழங்குடியினர் மேல் வைத்த பரிவினால் சொல்வதல்ல. சத்தியமங்கலத்தை ஒட்டிய பிலிகிரிரங்கன் மலையில் வாழும் சோளகர்கள், உண்ணி ஏன் பெருகியது என்று கேட்ட ஆய்வாளர்களிடம் ஒரு விளக்கம் சொன்னார்கள். முன்பெல்லாம் கோடையின் தொடக்கத்திலேயே சருகுக்குச் சின்னத் தீ வைப்போம். அது காலடி உயரத்தில் ஓடி அணைந்துவிடும். உண்ணி நாற்று கருகும், புல் தழைக்கும். சரணாலயம் வந்து தீ குற்றமான பிறகு உண்ணி ஏறிவிட்டது என்றார்கள். நெல்லி மரங்களில் புல்லுருவி பெருகி மரத்தையே சாகடிப்பதற்கும் அதுதான் காரணம் என்றார்கள். இதைக் கட்டுக்கதை என்று ஒதுக்காமல் ஆய்விதழ்களில் விவாதித்தார்கள். மாற்றுக்கருத்தும் வலுவானது: அடிக்கடி தீப்பிடிக்கும் காட்டில்தான் உண்ணி பரவுகிறது என்கிற சூழலியலாளர்கள் இருக்கிறார்கள். 2019 பிப்ரவரியில் பந்திப்பூர் எரிந்ததைப் பார்த்தவர்கள், ஆளுயர உண்ணிப் புதருக்கு நடுவே சின்னத் தீ என்பதே இனிச் சாத்தியமா என்று கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. என் பார்வையில், இன்றைய காட்டில் பழைய தீயை அப்படியே கொண்டுவர முடியாது. முதலில் புதரைக் கையால் அகற்ற வேண்டும், புல் திரும்ப வேண்டும். அதற்குப் பிறகு, சிறு பரப்பில், வனத்துறையின் கண்காணிப்பில் சோதித்துப் பார்க்கலாம். ஆனால் தீயைப் பற்றிய கருத்து வேறுபாட்டைச் சாக்காக வைத்து, அம்மக்களின் மற்ற அறிவையெல்லாம் தள்ளிவைப்பது முறையல்ல. எந்த மரத்தடியில் எந்த மாதம் நாற்று வரும் என்பதில் யாருக்கும் சர்ச்சை இல்லை.

புலிகள் காப்பகத்துக்குள் மனிதருக்கு நிர்வாக உரிமையா என்று கேட்பார்கள். பிலிகிரிரங்கன் மலையில் 2011-இல் சோளகரின் சமூக வன உரிமை அங்கீகரிக்கப்பட்டது. புலிகள் காப்பகம் ஒன்றுக்குள் இது நடந்தது நாட்டிலேயே அதுதான் முதல்முறை. அதனால் அங்கே புலிகள் அழிந்துவிடவில்லை. 2010-க்கும் 2014-க்கும் இடையே எண்ணிக்கை ஏறக்குறைய இரட்டிப்பானதாகவே பதிவாகியிருக்கிறது. உரிமை கொடுத்ததால்தான் புலி பெருகியது என்று நான் சொல்ல வரவில்லை, அதற்குக் கணக்கெடுப்பு முறை உட்படப் பல காரணங்கள் இருக்கலாம். மனிதர் இருந்தால் புலி இருக்காது என்ற பயம் அங்கே மெய்யாகவில்லை என்பது மட்டும் உறுதி.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. களை காசாக மாறினால், களை ஒழிய யார் விரும்புவார்கள்? இராமநாதபுரத்தில் சீமைக் கருவேலம் கரிமூட்டமாகி, பல குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. அதை அடியோடு அகற்று என்று சொல்வது அங்கே எளிதல்ல. உண்ணித் தண்டில் நீலகிரிப் பகுதிப் பழங்குடியினர் நிஜ யானை அளவில் செய்த யானைச் சிற்பங்கள் 2021-இல் லண்டன் பூங்காக்களில் நின்றன. மாதேஸ்வரன் மலையில் நாற்காலியும் சோபாவும் செய்கிறார்கள். கைத்திறனைக் கொண்டாடலாம், ஆனால் நாற்காலி செய்து தீர்க்கிற அளவில் உண்ணி இல்லை. காகித ஆலைக்கும் இது பொருந்தும்: பெரிய மரம் கிடைக்கும்வரை லாரி வரும், விரல் நீள நாற்றுக்காக எந்த ஆலையும் லாரி அனுப்பாது. எனவே ஊதியம் வெட்டிய டன்னுக்கு என்றிருக்கக் கூடாது, களை திரும்பாமல் காத்த பரப்புக்கு என்றிருக்க வேண்டும். பழங்குடி இளைஞர்கள் கூலி வேலைக்குத் திருப்பூர், கோவை என்று போய்விட்டார்கள், இந்த வேலைக்கு யார் வருவார்கள் என்றும் கேட்கிறார்கள். ஆண்டில் சில வாரம் மட்டும் வேலை தந்தால் யார்தான் ஊரில் தங்குவார்கள்?

சட்டம் ஏற்கெனவே கையில் இருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், 3(1)(i) பிரிவில், சமூக வன வளத்தைக் காக்கவும் மீட்டெடுக்கவும் நிர்வகிக்கவும் கிராம சபைக்கு உரிமை தருகிறது. 2012-இல் திருத்திய விதிகளின்படி, கிராம சபை அமைக்கும் குழுவே மேலாண்மைத் திட்டம் வகுக்கலாம், வனத்துறையின் திட்டத்தோடு அது இணைக்கப்பட வேண்டும். தமிழ்நாட்டில் நீதிமன்ற இடைக்காலத் தடையால் சட்டம் பல ஆண்டுகள் முடங்கிக் கிடந்தது. 2016-இல் உச்ச நீதிமன்றத்தில் வழி திறந்த பிறகும், வீட்டுக்கும் விளைநிலத்துக்கும் பட்டா தருவதில் இருந்த அக்கறை, காட்டை நிர்வகிக்கும் உரிமையில் இல்லை. வனத்துறையின் வேலை இதனால் குறைந்துவிடாது. வேட்டைத் தடுப்பு, நாற்றங்கால், அளவீடு, அறிவியல் ஆலோசனை எல்லாம் அவர்களிடம்தான் இருக்கும்.

வரும் நிதியாண்டில் முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் களை அகற்றிய பகுதிகளில் சிலவற்றையாவது, அருகிலுள்ள பழங்குடிக் கிராம சபைகளிடம் ஐந்தாண்டுப் பராமரிப்பு நிதியோடு அரசு ஒப்படைக்கட்டும். அதே அளவு பரப்பை வழக்கமான டெண்டரில் விடட்டும். ஐந்தாம் ஆண்டு முடிவில் இரண்டையும் அளந்து, முடிவைப் பொதுவில் வெளியிடட்டும். இதற்குப் புதிய சட்டமோ புதிய துறையோ தேவையில்லை, ஓர் அரசாணை போதும்.