ஜீரோ பர்சன்ட் சோபா

புதுக்குடித்தனம் போகிறவர்களைப் பார்த்தால் பர்னிச்சர் கடைக்காரருக்கு முகமெல்லாம் பல். ஏன் இருக்காது? கல்யாணச் செலவில் கை காலி. வாடகை வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்ததில் மிச்சமும் காலி. வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கும் அந்த ஜோடியைவிட நல்ல கிராக்கி யார்? "இப்ப காசே வேணாம் சார், ஜீரோ பர்சன்ட் இஎம்ஐ" என்று ஒரு வார்த்தை போதும். கட்டில், மெத்தை, சோபா எல்லாம் ஒரே வண்டியில் வந்து இறங்கிவிடும்.

வட்டியே இல்லாமல் கடன் கொடுக்க ஃபைனான்ஸ் கம்பெனி என்ன தர்மசத்திரமா?

2013 செப்டம்பரிலேயே ரிசர்வ் வங்கி இதற்குப் பதில் சொல்லிவிட்டது. பூஜ்ய வட்டி என்று ஒன்று உண்மையில் கிடையாது, அந்தப் பெயரில் கடன் கொடுக்காதீர்கள் என்று வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. என்ன ஆயிற்று? பலகையில் பெயர் மாறியது. 'நோ காஸ்ட் இஎம்ஐ' வந்தது. வங்கி வட்டி போடத்தான் போடுகிறது. அந்தத் தொகையை விற்கிறவர் 'தள்ளுபடி' என்று கழித்துக் காட்டுகிறார். அதாவது, பேரம் பேசினால் நமக்குக் கிடைத்திருக்கக்கூடிய தள்ளுபடி வங்கிக்கு வட்டியாகப் போகிறது. கிரெடிட் கார்டு என்றால் அந்த வட்டியின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி வேறு.

காமர்ஸ் படிக்கிறவர்களே "இஎம்ஐல வாங்குறதுதான் ஸ்மார்ட்" என்று சொல்லும்போதுதான் எரிச்சல் வருகிறது. சரி, கணக்கே போட்டுப் பார்க்கலாம்.

கட்டில், மெத்தை, சோபா மூன்றுக்கும் சேர்த்து விலைச்சீட்டில் 60,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ரொக்கம் என்றால் பேரம் பேசி 55,000. இஎம்ஐ என்றால் பேரம் கிடையாது. மாதம் 5,000 வீதம் 12 மாதம். பிராசஸிங் கட்டணம் 1,000, அதற்கு ஜிஎஸ்டி 180. மொத்தம் 61,180 ரூபாய். கூடுதல் 6,180.

"55,000க்கு 6,180ன்னா 11 சதவீதம்தானே" என்று சொல்லத் தோன்றும். அங்கேதான் கோட்டை விடுகிறோம். 55,000 ரூபாயும் வருஷம் முழுக்க நம் கையில் இருப்பதில்லை. மாதாமாதம் அசல் குறைகிறது. சராசரியாகப் பார்த்தால் பாதித் தொகைதான் கடனில் இருக்கிறது. அப்படிக் கணக்கிட்டால் வட்டி வருஷத்துக்கு 20 சதவீதத்தைத் தாண்டுகிறது. பல வங்கிகளின் பர்சனல் லோனே இதைவிட மலிவு!

2024 அக்டோபர் முதல் புதிதாகக் கொடுக்கும் தனிநபர் கடன்களுக்கு, எல்லாக் கட்டணங்களையும் சேர்த்து ஆண்டு வட்டி எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது விதி. கிரெடிட் கார்டு பாக்கிக்கு அது பொருந்தாது. எழுதிக் கொடுத்தாலும், பேசாமல் விட்ட அந்த 5,000 ரூபாய் பேரம் எந்தத் தாளிலும் வராது.

இப்போது அதே 5,000 ரூபாயை மாதாமாதம் வங்கியில் ஆர்.டி. போட்டால்? 11 மாதத்தில் 55,000. வட்டி தனி. அதே சோபா, அதே கட்டில், ரொக்க விலையில். பொறுத்திருந்த 11 மாதத்துக்குக் கூலி 6,000 ரூபாய்க்கு மேல்.

நாலாம் மாதம் வேலை போனால் என்ன ஆகும் என்பதையும் யோசிக்க வேண்டும். ஆர்.டி.யை உடைத்துப் பணத்தை எடுத்து வாடகை கட்டலாம். இஎம்ஐயை உடைக்க முடியுமா? தவணை பவுன்ஸ் ஆகும், அபராதம் ஏறும், கிரெடிட் ஸ்கோர் இறங்கும். பின்னாளில் வீட்டுக்கடன் கேட்கும்போது இந்த சோபா முன்னால் வந்து நிற்கும். சோபாவைத் திருப்பிக் கொடுத்தாலும் கடை வாங்காது.

"அதுவரைக்கும் தரையில படுக்கிறதா?" என்றால், ஆமாம். கோரைப்பாயில் படுத்துத்தான் தமிழ்நாட்டில் பாதிப் பேர் வளர்ந்தார்கள். ஒரு அடுப்பு, நாலு பாத்திரம், பாய், ஃபேன், நாலு பிளாஸ்டிக் சேர். குடித்தனம் ஆரம்பிக்க இது போதும். ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் வேறு. அவை வீட்டு வேலையைக் குறைக்கின்றன, இரண்டு பேரும் வேலைக்குப் போகும் வீட்டில் அவசியம்தான். சோபா என்ன வேலை செய்கிறது? என்றோ வரப்போகும் சொந்தக்காரர்கள் உட்கார்ந்து காபி குடிக்க ஒரு வருஷக் கடனா?

இன்னொன்று. 11 மாத ஒப்பந்த வீடு. மலிவாகக் கிடைக்கும் பார்ட்டிகிள் போர்டு சாமான்களை ஒருமுறை கழற்றி மாட்டினாலே ஸ்க்ரூ லூசாகிவிடும், தண்ணீர் பட்டால் உப்பிவிடும். கடன் முடியும் முன்பே கட்டில் முடிந்துவிடும். யாரோ வீடு மாறும்போது விற்கும் பழைய இரும்பு பீரோ, தேக்குக் கட்டில் இதைவிட எவ்வளவோ மேல்.

எல்லா இஎம்ஐயும் மோசடி என்பதில்லை. ரொக்க விலையும் தவணை விலையும் ஒன்றாகவே இருந்து, கட்டணமும் இல்லை என்றால், தாராளமாக வாங்கலாம். அது தெரிய கடையில் ஒரே ஒரு கேள்வி போதும்.

"முழுக் காசையும் இப்பவே கொடுத்தா எவ்வளவு குறைப்பீங்க?"

அவர் சொல்லும் தொகைதான் அந்த 'ஜீரோ'வின் விலை.